அச்சிற் பற்றிய உறுப்புக்களைக் கழற்றுதல்: ஆலையடிவேம்புப் பகுதிப் பட்டறைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

வண்டியின் அச்சு முறிதல் தமிழர் நெடுங்காலமாக அறிந்த துன்பமாகும். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எடுத்துக்காட்டினார். உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் யாது நேருமோ என அஞ்சி, வண்டியின் கீழ்மரத்திற் சேமவச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் தருகின்றது. முறிந்த அச்சுக்கு மாற்றச்சு என்பதே அக்காலத்தார் கண்ட வழி. இன்று நெல் மூடைகளையும் அவற்றின்மேல் மனிதரையும் ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரத்துக்குச் சேமவச்சு இல்லை. உள்ள அச்சையே பழுதுபார்த்துப் பயன்படுத்தவேண்டியுள்ளது. அவ்வாறு பழுதுபார்க்கும்போது செய்யப்படும் பிழை கண்ணுக்குத் தெரியாமல் உலோகத்தினுள் தங்கிவிடுகின்றது என்பதும், அது பின்னொரு நாள் வயற்பாதையில் வெளிப்படுகின்றது என்பதுமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயின.

அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டும், அதன்மேல் உருக்கியொட்டப்பட்டும் உள்ள உறுப்புக்களை அச்சுக்குக் கேடின்றிக் கழற்றுவது எவ்வாறு என்பதை விளக்குவதே நமது நோக்கம். அதற்கு முன்னர் அவை ஏன் இறுகி நிற்கின்றன என்பதை அறிதல் வேண்டும். காரணம் அறியாதவன் கையில் உள்ள கருவி சம்மட்டி ஒன்றே. காரணம் அறிந்தவனுக்குப் பல வழிகள் உண்டு.

பிரதேசமும் தேவையும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், அக்கரைப்பற்றை ஒட்டி ஆலையடிவேம்பு அமைந்துள்ளது. கோளாவில், பனங்காடு முதலிய கிராமங்கள் இப்பிரதேசத்தைச் சேர்ந்தவை. வடக்கே கல்முனை வரையும், தெற்கே திருக்கோவில் வரையும் தமிழரும் முசிலிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் தொடர்கின்றன. ஊர்கள் கடலோரத்தில் உள்ளன. வயல்களோ மேற்கே விரிந்து கிடக்கின்றன. எனவே விதைநெல் வயலுக்குச் செல்வதும், விளைந்த நெல் வீட்டுக்கும் ஆலைக்கும் வருவதும் பாரந் தூக்கும் பயணங்களாகவே அமைகின்றன. 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் ஆக்கப்பட்டபின் நீர்ப்பாசன நிலம் பெருகிற்று. இருப்புப்பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டமையால், அதற்குத் தெற்கே விளைபொருளைச் சுமக்கும் பணி முழுவதும் முதலில் மாட்டுவண்டிலையும், பின்னர் உழவு இயந்திரத்தையும் லொறியையுமே சார்ந்ததாயிற்று.

இத்தகைய நிலத்தில் அச்சுக்கு மூன்று பகைகள் உள. முதலாவது சேறு. உழவின்போது அது எண்ணெய்த் தடையையும் கடந்து தாங்கிகளுள் நுழைந்துவிடும். இரண்டாவது கடற்காற்றின் உப்பு. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கு மேற் பெருகும். ஆதலால் இறுகிய பொருத்தின் விளிம்பிற் புகுந்த துரு அப்பொருத்தை மேலும் நெருக்குகின்றது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை மூழ்கடித்தபோது, மனித இழப்பின் பேரளவோடு ஒப்பிட இயந்திரங்களின் அழிவு சிறிதே. ஆயினும் உப்புநீரில் மூழ்கிய அச்சின் பொருத்துக்கள் எவ்வளவு விரைவில் இறுகிவிடும் என்பதை அப்பேரழிவும் உணர்த்திற்று. மூன்றாவது பகை அவசரம். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் நெருங்கி வரும்போது, ஒரு நாள் நிற்கும் இயந்திரம் ஒரு குடும்பத்தின் வருவாயைப் பாதிக்கும். அவசரத்தில் வெல்டிங் பட்டறையை நாடுவது இயல்பே. பின்னர் வரும் தொல்லை பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றது.

வண்டிற் சில்லும் கொல்லனின் அறிவும்

இறுக்கிப் பொருத்தும் கலை நமக்குப் புதியதன்று. மாட்டுவண்டிலின் மரச் சில்லுக்கு இரும்புப் பட்டை பூட்டும் கொல்லன் அதனை நன்கறிவான். சில்லின் சுற்றளவினும் சற்றுக் குறைந்த பட்டையை வளைத்து ஒட்டி, சுற்றிலும் நெருப்பிட்டுச் சூடேற்றுவான். பட்டை விரிந்ததும் குறடுகளாற் பிடித்துச் சில்லின்மேல் இறக்கி உடனே நீர் ஊற்றுவான். சுருங்கும் பட்டை வட்டைகளையும் ஆரக்கால்களையும் குடத்தையும் ஒருசேர இறுக்கிவிடும். ஆணியோ பசையோ செய்யமுடியாத வேலையை வெப்பவிரிவு செய்துவிடுகின்றது.

இதனை எண்ணளவிற் கூறுவோம். உருக்கு ஒரு பாகை செல்சியசு சூடேறும்போது தன் நீளத்தில் ஏறத்தாழ இலட்சத்தில் 1.2 பங்கு விரியும். 1,500 மில்லிமீற்றர் விட்டமுள்ள பட்டையின் வெப்பநிலையை 400 பாகை உயர்த்தினால் விட்டம் 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேலும், சுற்றளவு 22 மில்லிமீற்றருக்கு மேலும் கூடும். கொல்லன் கணக்குப் போடுவதில்லை. பட்டையின் நிறத்தையும் கைப்பழக்கத்தையும் கொண்டே இதனை அறிவான். ஆயினும் அவன் அறிவும் பொறியியல் நூலின் அறிவும் ஒன்றே. பட்டையைக் கழற்றவேண்டின் அவன் சில்லை உடைப்பதில்லை. பட்டையைச் சூடேற்றி விரித்துத் தட்டுவான், அல்லது அதனை ஓரிடத்தில் வெட்டிவிடுவான். இவ்விரு வழிகளும் நாம் பின்னர்க் கூறப்போகும் முறைகளுக்கு அடிப்படையாகும்.

இறுக்கப் பொருத்தின் இயல்பு

துளையின் விட்டத்தினும் அச்சின் விட்டம் சற்றுக் கூடியதாக இருக்குமாறு கடைந்து, ஒன்றினுள் ஒன்றைச் செலுத்துவது இறுக்கப் பொருத்து எனப்படும். பேரழுத்தத்தாற் செலுத்தினால் அது அழுத்திப் பொருத்தல். வெளி உறுப்பைச் சூடேற்றி இட்டால் அது சுருக்கிப் பொருத்தல். இரண்டிலும் வெளி உறுப்பு இழுவிசையிலும், உள்ளுறுப்பு நெருக்கத்திலும் நிற்கின்றன. இடையே உள்ள உராய்வே பிடிப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். உழவு இயந்திரங்கள் பலவற்றின் பின் அரையச்சில், பெயறிங் எனப் பட்டறையில் வழங்கும் தாங்கி ஒன்று பொருத்தப்பட்டு, அதனைத் தடுத்து நிறுத்தக் கழுத்து வளையம் ஒன்றும் சுருக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். அச்சின் விட்டம் 50 மில்லிமீற்றர், வளையத்தின் வெளிவிட்டம் 80, அகலம் 25, விட்ட வேறுபாடு 0.05 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். வேறுபாடு ஒரு தலைமயிரின் தடிப்புக்கு மிகாதது. ஆயினும் உருக்கின் மீள்தன்மையைக் கொண்டு கணித்தால், தொடுபரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரிலும் ஏறத்தாழ 63 நியூற்றன் அழுக்கம் தோன்றும். உராய்வுக் குணகம் 0.12 ஆயின், வளையத்தை நகர்த்த ஏறத்தாழ 3 தொன் விசை வேண்டும். துருவேறினால் இது ஐந்து தொன்னையும் எட்டலாம். சம்மட்டி ஏன் தோற்கின்றது என்பது இதனால் விளங்கும்.

இதே கணக்கு மறுபக்கத்தில் நமக்குத் துணைசெய்கின்றது. வளையத்தை மட்டும் அச்சைவிட 83 பாகை கூடுதலாகச் சூடேற்றினால் அந்த 0.05 மில்லிமீற்றர் வேறுபாடு மறைந்துவிடும். மூன்று தொன் விசை செய்யும் வேலையை, கொதிக்கும் எண்ணெயிலும் குறைந்த வெப்பமே செய்துவிடும். ஆனால் இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. வளையமும் அச்சும் ஒரே அளவு சூடேறினால் இரண்டும் ஒருசேர விரியும். பொருத்தில் எவ்வித மாற்றமும் நேராது. நெடுநேரம் மெல்லச் சூடாக்கிப் பயன் காணாதவர் பலர் இவ்வுண்மையை அறியாதவரே. வெளி உறுப்பை விரைவாகவும் சுற்றிலும் சீராகவும் சூடாக்கி, வெப்பம் அச்சினுட் பரவுமுன் இழுத்துவிடல் வேண்டும். அச்சை ஈரத்துணியாற் சுற்றிக் குளிர்விப்பது மேலும் உதவும்.

உருக்கியொட்டலின் கேடு

இறுக்கப் பொருத்து தேய்ந்து தளரும்போது வளையம் நழுவுகின்றது. மேற்கூறிய வகை அரையச்சில் அவ்வளையமே சில்லையும் அச்சையும் கூட்டினுள் நிறுத்துவது. அது நழுவினால் சில்லு அச்சோடு வெளியே வந்துவிடும். இவ்வச்சத்தினாலேயே வளையத்தை அச்சோடு உருக்கியொட்டிவிடுகின்றனர். பாதுகாப்புக் கருதிச் செய்யும் இச்செயல் பாதுகாப்பைக் குலைப்பது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

அச்சுக்கள் பெரும்பாலும் 0.4 சதவீதம் அளவில் கரி கலந்த உருக்காலோ, கலப்புலோக உருக்காலோ ஆனவை. இத்தகைய உருக்கைச் சிறிய இடத்தில் உருக்கி விட்டுவிட்டால், சுற்றியுள்ள குளிர்ந்த பெரும்பகுதி வெப்பத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். நீரில் தோய்த்த உளியின் முனைபோல, ஒட்டின் ஓரம் மிகக் கடினமும் நொறுங்குந் தன்மையும் அடைகின்றது. ஒட்டிய உலோகம் குளிர்ந்து சுருங்கும்போது அவ்விடத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றது. மாரிகாலத்தின் ஈரக்காற்றில் வைத்திருந்த ஒட்டுக்கம்பிகளைப் பயன்படுத்தினால், அவற்றின் பூச்சிலுள்ள நீரிலிருந்து ஐதரசன் உலோகத்துட் புகுந்து, ஒட்டி முடித்துப் பல மணி நேரம் கழிந்தபின்னும் நுண்வெடிப்பை உண்டாக்கலாம். வேலை முடிந்தபோது நன்றாகத் தோன்றிய ஒட்டு, மறுநாட் காலையில் வெடித்திருக்கும், கண்ணுக்கோ தெரியாது.

இனி அந்த வெடிப்பின்மேல் விழும் பாரத்தை எண்ணுக. சில்லோடு சுழலும் அச்சில், ஒவ்வொரு சுற்றிலும் மேற்பக்கம் கீழாகவும் கீழ்ப்பக்கம் மேலாகவும் மாறுவதால், இழுவிசையும் நெருக்கமும் மாறி மாறி வருகின்றன. 1.2 மீற்றர் விட்டமுள்ள சில்லு ஒரு கிலோமீற்றரில் ஏறத்தாழ 265 முறை சுழலும். நாலாயிரம் கிலோமீற்றருக்குள் பத்து இலட்சம் முறை அச்சு வளைந்து நிமிர்ந்துவிடும். பாரம் ஒரே முறையில் முறிக்கத் தேவையானதைவிடப் பன்மடங்கு குறைந்ததாயினும், இவ்வாறு திரும்பத் திரும்ப வரும்போது வெடிப்பு வளர்ந்துகொண்டே போகும்.

இதனை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1842ஆம் ஆண்டு மே மாதத்திற் பிரான்சின் வெர்சாய் அருகே புகைவண்டி இயந்திரம் ஒன்றின் அச்சு முறிந்ததால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த பத்தாண்டுகளில், செருமனியப் பொறியியலாளர் அவுகுஸ்த் வோலர் புகைவண்டி அச்சுக்களைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, உலோகத்தின் களைப்பு என்னும் துறைக்கு அடித்தளமிட்டார். இறுக்கிப் பொருத்திய உறுப்பின் விளிம்பிலேயே அச்சு பெரிதும் முறிகின்றது என்பது புகைவண்டித் துறையினர் நன்கறிந்த உண்மை. அங்கு தகைப்பு குவிகின்றது. மயிரிழை அசைவினால் மேற்பரப்பு அரிக்கப்படுகின்றது. 1998ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள் செருமனியின் எசெடே என்னுமிடத்தில், விரைவுப் புகைவண்டியின் சில்லு வளையம் ஒன்று களைப்பு வெடிப்பால் அறுந்து 101 பேர் உயிரிழந்தனர். பெருநிறுவனங்களின் கண்ணுக்கே தப்பும் வெடிப்பு, மின்குமிழின் வெளிச்சத்தில் வேலைசெய்யும் கிராமப் பட்டறைக்குத் தப்புவதில் வியப்பில்லை. ஆதலால், ஏற்கெனவே தகைப்பு குவியும் அதே விளிம்பில் உருக்கியொட்டுவது, நோயுள்ள இடத்திலேயே புண்ணையும் ஆக்குவதற்கு ஒப்பாகும்.

கழற்றத் தொடங்குமுன்

முதலில் உறுப்பை நன்கு கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, எங்கெங்கே ஒட்டு உள்ளது, எத்தனை இடத்திற் புள்ளியொட்டு உள்ளது, வேறு முளையோ பூட்டு வளையமோ மறைந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். வண்ணப்பூச்சின்கீழும் மசகின்கீழும் ஒட்டு மறைந்திருத்தல் உண்டு. மறைந்த ஒரு புள்ளியொட்டை அறியாமல் இருபது தொன் அழுத்தியில் இட்டால் அச்சு வளையும், அல்லது வளையம் சிதறிப் பாயும்.

அடுத்து எதனைக் காப்பது, எதனைப் பலியிடுவது என்று முடிவுசெய்க. அச்சு விலையுயர்ந்தது, அது காக்கப்படவேண்டியது. தாங்கியும் கழுத்து வளையமும் மாற்றக்கூடியவை. கழற்றிய கழுத்து வளையத்தை மீண்டும் இடலாகாது. இம்முடிவு தெளிவாயின் கருவி எப்பக்கம் சாயவேண்டும் என்பதும் தெளிவாகும்: வெட்டு எப்போதும் வளையத்தின் பக்கமே விழவேண்டும்.

துருவேறிய பொருத்தாயின் விளிம்பெங்கும் மண்ணெண்ணெய் அல்லது துருநீக்கி எண்ணெய் இட்டு ஓரிரவு விடுக. அது இறுக்கத்தின் உள்ளே வெகுதூரம் செல்லாதெனினும் விளிம்பிலுள்ள துருவை இளக்கும். ஆனால் நெருப்பைப் பயன்படுத்துமுன் அதனை முற்றாகத் துடைத்துவிடல் வேண்டும்.

கழற்றும் முறைகள்

முதலாவதாக ஒட்டை நீக்குதல். வாயுச் சுவாலையால் ஒட்டை வெட்டுவது விரைவானது. ஆனால் சுவாலை அச்சிலும் குழி பறித்துவிடும். கோணக் கிறைண்டர் கொண்டு ஒட்டின் உடலைச் சிறிது சிறிதாக அரைத்து, அச்சுக்கும் வளையத்துக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு மெல்லிய கீற்றாகத் தோன்றும்வரை செல்லல் வேண்டும். அக்கோடு சுற்றிலும் தொடர்ந்து தெரிந்தாலன்றி ஒட்டு அற்றதாகக் கொள்ளலாகாது. கடைச்சற் பட்டறை வசதியுள்ள இடத்தில் அச்சைப் பூட்டி ஒட்டைக் கடைந்து நீக்குவதே மிக நல்லது.

இரண்டாவதாக வளையத்தைப் பிளத்தல். இதுவே கழுத்து வளையத்துக்குச் சிறந்த முறை. அச்சின் நீளப்பாட்டில், மெல்லிய வெட்டுத்தகட்டினால் வளையத்தை வெட்டிச் சென்று, அச்சைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீற்றர் அளவு எஞ்சும்போது நிறுத்துக. பின்னர் வெட்டிரும்பை அந்தப் பிளவில் வைத்து ஓங்கி ஒருமுறை அடிக்க, எஞ்சிய மென்பகுதி அறுந்து வளையம் வாய் திறக்கும். இழுவிசையிலிருந்த வளையம் அறுந்ததும் தானே விரிவதால் பிடிப்பு அக்கணமே இல்லாமற் போகின்றது. வண்டிற் பட்டையை வெட்டிக் கழற்றிய கொல்லனின் முறையும் இதுவேயாம். தாங்கியின் உள்வளையத்தையும் இவ்வாறே பிளக்கலாம். ஆனால் அது கடினமாக்கிய உருக்காதலாற் கண்ணாடிபோற் சிதறும். துணியாற் போர்த்தி, கண்காப்பு அணிந்தே அடித்தல் வேண்டும்.

மூன்றாவதாக இழுத்தலும் அழுத்துதலும். காக்கவேண்டிய உறுப்பாயின் புளர் எனப்படும் இழுப்பானோ நீரியல் அழுத்தியோ வேண்டும். கவ்வும் நகங்கள் உள்வளையத்தையே பற்றவேண்டும். வெளிவளையத்தைப் பற்றி இழுத்தால் விசை குண்டுகளின் வழியே சென்று ஓடுபாதையிற் குழிகளை உண்டாக்கும். அத்தாங்கி பின்னர் உதவாது. அழுத்தியில் அச்சு செங்குத்தாக நிற்க, தாங்கு தகடுகள் உறுப்பை அச்சுக்கு மிக நெருங்கித் தாங்கவேண்டும். அச்சின் மரைமுனையைக் காக்கப் பழைய சுரையொன்றைப் பூட்டி அதன்மேல் அழுத்துக. லொறி யக் ஒன்றை இரும்புச் சட்டத்தில் இட்டு அழுத்தியாகப் பயன்படுத்தும் பட்டறைகளில், சட்டத்தின் வலிமை யக்கின் வலிமைக்குக் குறையாதிருத்தல் இன்றியமையாதது.

நான்காவதாக வெப்பமும் விசையும் சேர்ந்த முறை. இழுப்பானைப் பூட்டி, அதனை இறுக்கிப் பதற்றத்தில் வைத்துக்கொண்டு, வெளி உறுப்பைச் சுற்றிலும் சுவாலையைச் சுழற்றுக. போதிய வெப்பம் ஏறிய கணத்தில் ‘டக்’ என்ற ஒலியோடு உறுப்பு நகரும். நகரத் தொடங்கியபின் நிறுத்தாமல் இழுத்துவிடுக. நடுவில் நின்றால் வெப்பம் அச்சுக்குப் பரவி மீண்டும் பற்றிக்கொள்ளும். மீண்டும் பயன்படுத்தவுள்ள தாங்கியை 120 பாகைக்கு மேற் சூடாக்கலாகாது. அதன் கடினத்தன்மையும் அளவும் மாறிவிடும். மெருகிட்ட உருக்கில் வைக்கோல் நிறம் தோன்றினால் வெப்பம் 220 பாகையைக் கடந்தது என்றும், நீலம் தோன்றினால் 300 பாகையை எட்டியது என்றும் கொள்ளலாம். அச்சில் நீலம் தெரிந்தால் அது எச்சரிக்கை.

உழவு இயந்திரப் பெட்டியின் அச்சு வேறு வகையினது. அங்கு அச்சு சுழல்வதில்லை. சில்லின் குடமே சுழல்கின்றது. சிறிய அச்சுமுனைகள் தடித்த குழாயின் இரு அந்தத்திலும் அழுத்திச் செலுத்தப்பட்டு, வாயில் சுற்றி ஒட்டப்பட்டிருக்கும். இங்கு கழற்றவேண்டியது உள்ளே உள்ள முனையாகும். வாயொட்டை மேற்கூறியவாறு அரைத்து நீக்கி, குழாயின் பக்கத்தில் துளையிட்டு நிரப்பிய ஒட்டுக்கள் இருப்பின் அவற்றையும் துளைத்தெடுத்து, குழாயைச் சூடாக்கி இழுத்தல் வேண்டும். உள்ளே முறிந்து நின்ற துண்டாயின் அதன் நடுவில் துளையிட்டு மெலிவித்தால் நெருக்கம் குறையும்.

இறுதியாக ஒரு வியத்தகு முறையையும் குறிப்பிடுவோம். அடைத்த குழியினுள் இறுகி நின்று, பற்றுவதற்கு விளிம்பில்லாத தாங்கி வெளிவளையத்தின் உட்பக்கத்தில், சுற்றிலும் மெல்லிய ஒட்டுக்கோடு ஒன்றை இட்டால், அது குளிரும்போது வளையம் சுருங்கிக் கையாலேயே எடுக்கக்கூடியதாகின்றது. அச்சில் இடப்பட்டபோது கேடு செய்த அதே சுருக்கம், எறியப்போகும் வளையத்தில் இடப்பட்டபோது உதவி செய்கின்றது. கருவியில் நன்மையும் தீமையும் இல்லை. இடமே அதனை முடிவுசெய்கின்றது. மின்னொட்டு வேலையின்போது புவிக்கம்பியை ஒட்டுமிடத்துக்கு அண்மையிலேயே பூட்டவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க. தொலைவிற் பூட்டினால் மின்னோட்டம் நல்ல தாங்கிகளின் வழியே பாய்ந்து அவற்றையும் கெடுக்கும்.

உயிராபத்து

ரயர் பூட்டிய சில்லின் குடத்திலோ வளையத்திலோ ஒருபோதும் நெருப்பு வைக்கலாகாது. வெப்பத்தால் ரயரின் உட்புற இறப்பர் சிதைந்து எரியும் வாயுக்களை உமிழ, ரயர் குண்டுபோல் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. ரயரையே கழற்றி அப்பால் வைத்தல் வேண்டும். அச்சுக்கூட்டினுள் எண்ணெய் இருக்கையில், அதன் மூச்சுத்துளை அடைபட்டிருக்கச் சூடாக்குவதும் வெடிப்புக்கு இடந்தரும். நாகம் பூசிய உறுப்பை ஒட்டும்போதும் சுடும்போதும் எழும் வெண்புகை காய்ச்சலைத் தரும். குளோரீன் சேர்ந்த கழுவுதிரவம் படிந்த உறுப்பில் வில்லொளி பட்டால் நச்சுவாயு தோன்றும். அழுத்தியில் வேலைசெய்வோர் உறுப்பு பாயக்கூடிய நேர்கோட்டில் நிற்றலாகாது. யக்கை மட்டும் நம்பி வண்டியின்கீழ் நுழையாது, கட்டைகள் அடுக்கித் தாங்குதல் வேண்டும். இவை யாவும் எளிய விதிகளே. ஆயினும் பட்டறையிற் பயிலும் இளைஞனுக்கு இவற்றை அவன் மொழியில் எழுதிக் கொடுப்போர் அரியர்.

கழற்றிய பின்னர்

உறுப்பைக் கழற்றியதோடு வேலை முடிந்ததெனக் கருதுவது பெரும் பிழை. உண்மையில் அப்போதுதான் அச்சைக் காணும் வாய்ப்புக் கிடைக்கின்றது. விளிம்பு இருந்த இடத்தில் வெடிப்பு உள்ளதா என்பதைச் சோதிக்க விலையுயர்ந்த சாதனம் இன்றியமையாததன்று. பழைய புகைவண்டிப் பட்டறைகள் கையாண்ட எண்ணெய்–வெண்பொடி முறையை எவரும் செய்யலாம். அச்சை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, வெண்கட்டித் தூளைச் சாராவியிற் கரைத்து மெல்லியதாகப் பூசுக. வெடிப்பு இருப்பின் அதனுட் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெண்மையின்மேல் கருங்கோடாகத் தோன்றும். கோடு தோன்றிய அச்சை எக்காரணம் கொண்டும் வண்டியில் மீண்டும் இடலாகாது. அதன்மேல் ஒட்டுவது வெடிப்பை மூடுவதன்றி மாற்றுவதன்று. கோடு தோன்றாமையும் முழுச் சான்றன்று. ஒட்டுப்பட்ட அச்சை மாற்றுவதே பாதுகாப்பான வழி.

குறையற்ற அச்சாயின் பொருத்துமிடத்தை நுண்ணளவியால் அளந்து, தேய்வு அளவுக்கு மிஞ்சியிருந்தால் உரிய வசதியுள்ள கடைச்சற் பட்டறைக்கு அனுப்புதல் வேண்டும். புதிய தாங்கியை எண்ணெய்த் தொட்டியில், அடியைத் தொடாதவாறு தொங்கவிட்டு, 110 பாகை வரை சூடாக்கி இடுக. முன் எடுத்துக்காட்டில் வந்த கழுத்து வளையத்தை, தடையின்றி இறங்க இன்னொரு 0.05 மில்லிமீற்றர் இடைவெளியும் வேண்டுமெனக் கொண்டால், 30 பாகை அறைவெப்பநிலையிலிருந்து ஏறத்தாழ 200 பாகைக்குச் சூடாக்கி ஒரே மூச்சில் இருக்கையோடு சேர்த்து, ஆறும்வரை பிடித்தல் வேண்டும். உற்பத்தியாளரின் கைந்நூல் வேறு அளவு தருமாயின் அதுவே கொள்ளத்தக்கது. சரியான அளவிற் கடைந்த வளையத்துக்கு ஒட்டுத் தேவையில்லை. ஒட்டுத் தேவைப்படும் வளையம் அளவிற் பிழைத்தது என்பதே பொருள்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு நெறி புலனாகும். மீண்டும் கழற்றமுடியாதவாறு பூட்டுவது பழுதுபார்த்தலாகாது. அது பழுதை அடுத்தவனிடம் ஒப்படைத்தலாகும். அந்த அடுத்தவன் இன்னொரு பட்டறைத் தொழிலாளியாக இருக்கலாம். நெல் மூடைகளின்மேல் அமர்ந்து வீடு திரும்பும் அறுவடைப் பெண்ணாகவும் இருக்கலாம்.

அரசகரும மொழித் திணைக்களம் முன்னர்க் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பொறியியலைத் தமிழிற் கற்பிக்கலாம் என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. ஆயினும் அச்சொற்கள் பட்டறையை எட்டவில்லை. பட்டறையின் சொற்களும் அறிவும் நூலை எட்டவில்லை. ஆலையடிவேம்பிலிருந்து சிறிது தூரத்தில், ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று பொறியியற் பீடமும் உண்டு. பட்டையின் நிறங்கண்டு வெப்பம் அறியும் கொல்லனும், விரிவுக் குணகத்தால் அதனைக் கணிக்கும் மாணவனும் ஒரு சில மைல் இடைவெளியில் வாழ்கின்றனர். இவர்களை ஒருவரோடொருவர் பேசவைப்பது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு உரிய பணியென நாம் கருதுகின்றோம். பிரதேசந்தோறும் பட்டறைச் சொற்களைத் திரட்டுதல், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்க அளவில் எளிய வழிகாட்டி அச்சிட்டுப் பட்டறைச் சுவரில் ஒட்டச் செய்தல் ஆகியன பெருஞ்செலவின்றித் தொடங்கக்கூடியவை.

உமணர் சேமவச்சைக் கட்டிச் சென்றமைக்குக் காரணம், வழியில் வருவதை முன்கூட்டி எண்ணியமையே. நம் வண்டிகளின் அடியில் அத்தகைய மாற்றச்சைக் கட்டமுடியாதாயினும், அம்முன்னெண்ணத்தை நம் பட்டறைகளிற் பேணமுடியும்.